மகன் கட்டும் சைக்கிள், அப்பா போடும் சார்ஜ்

கேள்வி: சார், வணக்கம். ஈரோடு பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். டிப்ளமோ எலெக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அப்பாவுக்கு 57 வயது, 11 கி.மீ. தள்ளி ஒரு ஸ்பின்னிங் மில்லில் வாட்ச்மேன். இத்தனை வருடமும் சைக்கிளில்தான் போய் வந்தார். இப்போது முழங்கால் வலி. மொபெட் ஓட்டக் கற்றுக்கொள்ள மாட்டேன் என்கிறார். அதனால் அவருடைய பழைய ராடு பிரேக் சைக்கிளிலேயே 36 வோல்ட், 250 வாட் ஹப் மோட்டார் (சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும் மோட்டார்) கிட் மாட்டப்போகிறேன். கிட் வாங்கியாயிற்று, பேட்டரிதான் பாக்கி. கிட் விற்ற கடையில் 12 வோல்ட் லெட் ஆசிட் மூன்று போடச் சொல்கிறார்கள். சைக்கிள் கடை அண்ணன் 48 வோல்ட் போட்டால் இழுவை நன்றாக இருக்கும் என்கிறார். என் மாமா லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார், பழைய பேட்டரிகளில் பிரித்த 60 செல் சும்மாவே தருகிறேன் என்கிறார். எல்எஃப்பிதான் நல்லது என்றும் கேள்விப்பட்டேன். எனக்கு சோல்டரிங் நன்றாக வரும், நானே பேக் கட்டிவிடுவேன். ஒரு சார்ஜில் போகவர 22 கி.மீ. ஓட வேண்டும். அப்பாவுக்கு ஒரு வாரம் பகல் டூட்டி, ஒரு வாரம் ராத்திரி டூட்டி. சைக்கிளை மாடிப்படிக்குக் கீழே நிறுத்துவார், பிளக் பாயின்ட்டும் அங்கேயே இருக்கிறது. எதை வாங்கலாம்?

பதில்: தம்பி, முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் பார்க்கலாம். 36 வோல்ட்டிலேயே இருங்கள். லித்தியம் அயர்ன் பாஸ்பேட், அதாவது நீங்கள் கேள்விப்பட்ட எல்எஃப்பி செல்லில், 12 வரிசை, 12 ஏஎச் (ஆம்பியர்-அவர், பேட்டரியின் கொள்ளளவு), 20 ஆம்பியர் பிஎம்எஸ் (செல்களைக் கண்காணித்து, தேவைப்பட்டால் கரண்ட்டைத் துண்டிக்கும் சர்க்யூட்) வைத்த ஒரு பேக்கை, அதையே தொழிலாகச் செய்பவரிடம் வாங்குங்கள். மாமா தரும் செல்கள் இந்த சைக்கிளுக்கு வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் வோல்ட், ஆம்பியர் எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் பட்டது கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கும் டூட்டி நேரமும் மாடிப்படியும்தான். பேக்கைக் கட்டுகிறவர் நீங்கள், தினமும் ஓட்டி சார்ஜ் போடப்போகிறவர் அப்பா. கட்டியவனே ஓட்டினால் அரைகுறை பேக்கையும் சமாளித்துவிடலாம். வாரம் ஒருமுறை ஒவ்வொரு வரிசையின் வோல்ட்டையும் மீட்டர் வைத்துப் பார்ப்பான். சார்ஜில் இருக்கும்போது சூடு வழக்கத்தைவிடக் கூடினால் அவனுக்குத் தெரியும். உங்கள் அப்பா அதையெல்லாம் செய்ய மாட்டார், செய்யச் சொல்வதும் நியாயமில்லை. டூட்டி முடிந்து வந்து பிளக்கைச் சொருகிவிட்டுச் சாப்பிடப் போவார். அப்படிப் பயன்படுத்தினாலும் தாங்குகிற பேட்டரியைத்தான் நீங்கள் தேட வேண்டும்.

சரி, எவ்வளவு வேண்டும் என்பதிலிருந்து தொடங்குவோம். ஏஎச் எண்ணை மட்டும் பார்த்தால் குழப்பம்தான் வரும். வோல்ட்டையும் ஏஎச்சையும் பெருக்கி வாட்-அவராக மாற்றிக்கொள்ளுங்கள், எந்த பேட்டரியையும் எதனோடும் ஒப்பிடலாம், விலையையும் சேர்த்து. 250 வாட் ஹப் மோட்டார் சைக்கிளில் கூடவே பெடலும் மிதித்தால் கிலோமீட்டருக்கு 8 முதல் 12 வாட்-அவர் போகும். மிதிக்காமல் கைப்பிடியில் இருக்கும் த்ராட்டிலைத் திருகிக்கொண்டே போனால் 12-லிருந்து 18 வரை இழுக்கும். முழங்கால் வலி உள்ளவர் த்ராட்டிலில்தான் போவார். கிலோமீட்டருக்கு 14 என்று வைத்துக்கொண்டால் 22 கி.மீ.க்கு 308 வாட்-அவர். ஆடி மாதத்தில் உங்கள் பக்கம் எதிர்க்காற்று எப்படி அடிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த நாட்களில் 18 என்று கணக்குப் போடுங்கள், கிட்டத்தட்ட 400 வந்துவிடும்.

எல்எஃப்பி செல் ஒன்றின் சராசரி வோல்ட் 3.2. 12 செல்லை வரிசையாகப் போட்டால் 38.4 வோல்ட். 12 ஏஎச் என்றால் 461 வாட்-அவர். சாதாரண நாளில் இதில் மூன்றில் இரண்டு பங்குதான் செலவாகும், ஆடிக்காற்றிலும் வீடு வந்து சேரலாம். சில வருடங்கள் கழித்து கொள்ளளவு 80 சதவீதமாகக் குறைந்தாலும் 369 மிச்சம் இருக்கும். அப்போது காற்று நாட்களில் கொஞ்சம் மிதிக்க வேண்டி வரும், அவ்வளவுதான். 36 வோல்ட் 10 ஏஎச் வாங்கினால் 360 வாட்-அவர். புதிதில் போதும் போலத் தெரியும், இரண்டாம் வருடத்திலேயே திரும்பி வரும் வழியில் அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வர நேரும். மோட்டாரும் பேட்டரியும் ஏறிய கனத்தோடு பழைய சைக்கிளைத் தள்ளுவது மிதிப்பதைவிடக் கொடுமை.

இப்போது மாமாவின் செல்கள். இலவசமாகக் கிடைப்பதை வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னால் நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பழைய லேப்டாப் செல் என்றால் 18650 அளவு, அதாவது 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் உயரம். புதிதில் 2200 அல்லது 2600 எம்ஏஎச் இருந்திருக்கும், இப்போது நல்லதாகப் பொறுக்கினாலும் 1600 கிடைக்கலாம். 60 செல்லை 10 வரிசை, வரிசைக்குப் பக்கவாட்டில் சேர்த்த 6 என்று போட்டால் 9.6 ஏஎச், சுமார் 345 வாட்-அவர். ஆக, காகிதத்தில் ஓடும். மோட்டாருக்குப் போகும் கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் உங்கள் கன்ட்ரோலர் அதிகபட்சம் 15 ஆம்பியர் இழுக்கும் என்று வைத்துக்கொண்டால் ஒரு செல்லுக்கு 2.5 ஆம்பியர். அதுவும் காகிதத்தில் சரிதான். இதை நம்பித்தான் நிறையப் பேர் கட்டுகிறார்கள். சென்னை ரிச்சி தெருவில் இப்படிப்பட்ட செல்களை மூட்டையாகவே பார்க்கலாம்.

சிக்கல் அந்தக் காகிதத்தில் வராத இடத்தில் இருக்கிறது. வயதான செல்லின் உள் மின்தடை ஏறிவிடும். புதிதில் 40, 50 மில்லி ஓம் இருந்தது 100-ஐத் தாண்டியிருக்கும். 100 என்றே வைத்துக்கொள்ளுங்கள், 2.5 ஆம்பியர் ஓடும்போது ஒரு செல்லில் 0.6 வாட் வெப்பம். 60 செல்லுக்கு 37 வாட். உங்கள் மேசையில் இருக்கும் 25 வாட் சோல்டரிங் அயர்ன் ஒன்றரையை டேப் சுற்றிய பெட்டிக்குள் வைத்து மூடியது மாதிரி. மேட்டில் ஏறும்போது மட்டும்தான் இந்த அளவு, எப்போதும் இல்லை. ஆனால் சித்திரை வெயிலில், காற்றுப் போகாத பெட்டிக்குள், அதுவும் எல்லா செல்லிலும் ஒரே மாதிரி இல்லாமல், மோசமான செல்லில் அதிகமாக.

அதைவிடப் பெரிய விஷயம் பிஎம்எஸ் பற்றியது. பிஎம்எஸ் போட்டுவிட்டால் எல்லாம் பத்திரம் என்று பலரும் நினைக்கிறார்கள். பிஎம்எஸ் பார்ப்பது ஒவ்வொரு வரிசையின் வோல்ட்டைத்தான், தனித்தனி செல்லை அல்ல. பக்கவாட்டில் சேர்த்த 6 செல்லில் ஒன்று உள்ளுக்குள் மெல்லக் கசிய ஆரம்பித்தால் மற்ற ஐந்தும் அதற்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். பிஎம்எஸ் கண்ணுக்கு அந்த வரிசை கொஞ்சம் தளர்ந்ததாகத் தெரியும், அவ்வளவுதான். அந்த ஒரு செல் உள்ளே ஷார்ட் ஆனால் ஐந்து பேரின் கரண்ட்டும் அதற்குள் பாயும். பிஎம்எஸ்ஸால் வெளியே போகும் கம்பியைத்தான் துண்டிக்க முடியும், செல்லுக்கும் செல்லுக்கும் நடுவில் இருக்கும் பட்டையைத் துண்டிக்க முடியாது. புதிய செல்லிலும் இது நடக்கலாம். ஆனால் எத்தனை நாள் சார்ஜ் இல்லாமல் கிடந்தது, ஒருமுறை பூஜ்யத்துக்குப் போய் மறுபடி உயிர் கொடுக்கப்பட்டதா, லேப்டாப் எத்தனை வருடம் சூட்டிலேயே ஓடியது என்று எதுவுமே தெரியாத 60 செல்லில் அந்த வாய்ப்பு பல மடங்கு. லித்தியம் செல் 2 வோல்ட்டுக்குக் கீழே ரொம்ப நாள் கிடந்தால் உள்ளிருக்கும் செம்புத் தகடு கரைந்து, மறுபடி சார்ஜ் ஏற்றும்போது வேறு இடத்தில் படியும். வெளியே மீட்டர் வைத்தால் 4.1 வோல்ட் காட்டி நல்ல பிள்ளையாக நிற்கும்.

மாமாவிடம் எப்படிச் சொல்வது என்பது உங்கள் பாடு. ஒரு யோசனை வேண்டுமானால், நல்லதாகப் பார்த்து நான்கைந்து செல்லை எடுத்து ஒரு எமர்ஜென்சி லைட் செய்துகொள்ளுங்கள். கண்ணெதிரில் இருக்கும், கரண்ட்டும் அரை ஆம்பியரைத் தாண்டாது. மாமாவுக்கும் மரியாதை செய்த மாதிரி ஆயிற்று. அப்புறம், எதைக் கட்டினாலும் செல் மேல் நேரடியாக சோல்டர் வைக்காதீர்கள். எவ்வளவு கை தேர்ந்திருந்தாலும் சரி. அந்தச் சூடு உள்ளே இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் பிரிப்பானையும் பாசிட்டிவ் பக்கத்து ரப்பர் சீலையும் கெடுக்கும். நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங் செய்வதுதான் முறை. நிக்கல் என்று சொல்லி நிக்கல் முலாம் பூசிய இரும்புப் பட்டையைக் கொடுப்பவர்கள் உண்டு, காந்தம் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, இரண்டுமே ஒட்டும். பட்டையைக் கொஞ்சம் அரத்தால் தேய்த்து உப்புத் தண்ணீரில் ஒரு ராத்திரி போட்டு வையுங்கள், துரு பிடித்தால் இரும்பு.

கடைக்காரர் சொன்ன லெட் ஆசிட்டை நான் கேவலமாகப் பார்க்கவில்லை. தீப்பிடிக்கும் பயம் குறைவு, எந்த ஊரிலும் கிடைக்கும், பழசைக் கொடுத்தால் காசு வரும். உங்களுக்கு அது சரிவராததற்குக் காரணம் தூரம். மூன்று 12 வோல்ட் 12 ஏஎச் பேட்டரி என்றால் 432 வாட்-அவர் என்று தோன்றும். யுபிஎஸ்ஸுக்கான பேட்டரியாக இருந்தால் அந்த 12 ஏஎச் என்பது 20 மணி நேரத்தில் மெதுவாக, சுமார் 0.6 ஆம்பியரில் எடுத்தால் கிடைப்பது. நீங்கள் 8, 10 ஆம்பியர் இழுக்கும்போது ஏறக்குறைய அறுபது சதவீதம்தான் கைக்கு வரும், அதாவது 260 சொச்சம். இ-பைக்குக்கென்றே செய்யும் லெட் ஆசிட்டில் 2 மணி நேரக் கணக்கில் ஏஎச் எழுதியிருப்பார்கள், அது பரவாயில்லை. ஆனாலும் தினமும் அடிவரைக்கும் காலி செய்தால் ஒரு வருடத்தில் சோர்ந்துவிடும், 12 கிலோ கனம் வேறு. மில் 5 கி.மீ.யில் இருந்திருந்தால் நானே லெட் ஆசிட்டைச் சொல்லியிருப்பேன்.

48 வோல்ட்டுக்கு ஒரு பத்தி போதும். வோல்ட்டை ஏற்றினால் முதலில் கூடுவது வேகம். 36-க்குச் செய்த மோட்டார் 48-ல் மூன்றில் ஒரு பங்கு வேகமாகச் சுற்றும். ராடு பிரேக் சைக்கிளில், 57 வயதுக்காரருக்கு, அந்த வேகம் எதற்கு? கன்ட்ரோலரும் 36-க்கு உரியது, 48 வோல்ட் பேக் முழு சார்ஜில் 54 வோல்ட்டைத் தாண்டும். சட்டப்படியும் யோசியுங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளில், மோட்டாரின் 30 நிமிடத் திறன் 250 வாட்டுக்குக் குறைவாகவும் வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குக் குறைவாகவும் இருந்து, அரசு அங்கீகரித்த சோதனை நிறுவனமும் அதைச் சரிபார்த்திருந்தால்தான் அது மோட்டார் வாகனம் இல்லை என்று கணக்கு. வீட்டில் செய்த வண்டி அந்தச் சோதனைக்குப் போனதே இல்லை. இதை அப்பாவிடமும் சொல்லி வையுங்கள். இருக்கிற வேகத்தையாவது வரம்புக்குள் வையுங்கள்.

லித்தியத்திலேயே இரண்டு குடும்பம். லேப்டாப்பிலும் பெரும்பாலான ரெடிமேட் இ-சைக்கிள் பேக்குகளிலும் இருப்பது நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த என்எம்சி அல்லது அதன் உறவுக்காரர்கள். இன்னொன்று எல்எஃப்பி. என்எம்சி கனம் குறைவு. 13 ஏஎச் பேக் மூன்று கிலோவுக்குள் அடங்கும். அதே சக்திக்கு எல்எஃப்பி நான்கு கிலோ. மாடிக்குத் தூக்கிப் போக வேண்டிய அலுமினிய சைக்கிள் என்றால் இந்த ஒரு கிலோ பெரிய விஷயம். 20 கிலோ இரும்பு சைக்கிளில் அது ஒரு பை காய்கறி.

எல்எஃப்பியில் ஆக்சிஜனை பாஸ்பரஸ் இறுகப் பிடித்து வைத்திருக்கிறது. செல் சூடானாலும் அந்த ஆக்சிஜன் லேசில் வெளியே வராது, அதனால் தானே எரிந்து பக்கத்து செல்லையும் எரிக்கும் நிலைக்குப் போவது கடினம். என்எம்சி அதைவிடக் குறைந்த வெப்பத்திலேயே ஆக்சிஜனை விட்டுவிடும். இதற்காக எல்எஃப்பி எரியவே எரியாது என்று விற்பவர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். உள்ளே இருக்கும் திரவம் எரியக்கூடியதுதான். அபாயம் குறைவு, இல்லாமல் இல்லை. இந்தப் பொருளை பேட்டரிக்கு உதவும் என்று 1997-ல் எழுதி வெளியிட்டது அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் நடத்திய ஆய்வுக்குழு. லித்தியம் பேட்டரிக்கான வேலைக்காக அவருக்கு 2019-ல் நோபல் கொடுத்தபோது வயது 97. அந்த வயதிலும் புதிய பேட்டரி ஆராய்ச்சியை விடாதவர்.

ஆயுளும் உங்களுக்குச் சாதகம். என்எம்சி 500-லிருந்து 1000 முறை சார்ஜ் தாங்கும், எல்எஃப்பி சாதாரணமாகவே 2000-ஐத் தொடும். என்எம்சியை தினமும் முழுக்க நிரப்பி வெயிலில் நிறுத்தினால் ஆயுள் குறையும், அதனால் 80 சதவீதத்தில் எடு, 90-ல் எடு என்று ஆயிரம் பக்குவம் சொல்ல வேண்டும். எல்எஃப்பிக்கு முழு சார்ஜ் அவ்வளவு உறுத்தாது. முழுதாக நிரம்பும்போதுதான் பிஎம்எஸ் வரிசைகளைச் சமன் செய்யும் என்பதால் தினமும் நிரப்புவது ஒரு வகையில் நல்லதும்கூட. அப்பாவிடம் ஒரே ஒரு விஷயம் சொன்னால் போதும்: வந்தவுடன் அல்ல, வந்து அரை மணி நேரம் கழித்து சொருகுங்கள். வெயிலில் வந்த செல்லின் சூடு 45 டிகிரிக்குக் கீழே இறங்கிய பிறகுதான் சார்ஜ் ஏற வேண்டும்.

எல்எஃப்பியில் ஒரு எரிச்சலும் உண்டு. வோல்ட் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நின்று கடைசியில் சடாரென்று இறங்கும். உங்கள் கிட்டில் த்ராட்டில் பக்கத்தில் மூன்று சின்ன விளக்கு இருக்குமே, அது வோல்ட்டை வைத்துத்தான் காட்டும். வீட்டிலிருந்து மில் வரை மூன்றும் எரியும், திரும்பும்போதும் எரியும், தீரப்போகும்போது திடீரென்று ஒவ்வொன்றாக அணையும். அதை நம்ப வேண்டாம் என்று அப்பாவிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். மீதம் தெரிய வேண்டுமானால் போகிற கரண்ட்டை எண்ணிக் காட்டும் மீட்டர் ஒன்று தனியாக மாட்டலாம். தினமும் சார்ஜ் போடுகிறவருக்கு அதுவும் அவசியமில்லை.

உங்கள் கன்ட்ரோலரோடு இது பொருந்துமா என்று பாருங்கள். 12 எல்எஃப்பி செல் முழு சார்ஜில் 43.8 வோல்ட். சாதாரண 36 வோல்ட் லித்தியம் பேக் 42 வோல்ட். வித்தியாசம் கொஞ்சம்தான், கன்ட்ரோலருக்குள் இருக்கும் பெரிய கபாசிட்டர் மேல் 50 அல்லது 63 வோல்ட் என்று எழுதியிருந்தால் கவலை வேண்டாம். கீழ்ப்பக்கம் இந்த கன்ட்ரோலர்கள் 30, 31 வோல்ட்டில் நின்றுவிடும். 12-ஆல் வகுத்தால் செல்லுக்கு 2.5 சொச்சம், எல்எஃப்பியின் அடிமட்டமும் அதுதான். பொருத்தம் நன்றாகவே அமைந்திருக்கிறது.

வாங்கும்போது எப்படிப் பார்ப்பது? 12 ஏஎச் என்று ஸ்டிக்கர் ஒட்டுவது சுலபம். 18650 செல் மேலேயே 9900 எம்ஏஎச் என்று அச்சடித்து விற்கிறார்கள், உலகத்தில் அந்த அளவில் 3500-ஐ ஒட்டித்தான் நல்ல செல்லே இருக்கிறது. பேக் செய்பவரிடம் என்ன செல், எத்தனை என்று கேளுங்கள். 32700 என்ற உருளை செல் 6 ஏஎச் வரும், வரிசைக்கு இரண்டு வீதம் 24 செல். ஒன்று சுமார் 140 கிராம், செல் மட்டுமே 3.4 கிலோ. ஹோல்டர், பட்டை, பிஎம்எஸ் எல்லாம் சேர்த்து நான்கு கிலோவை ஒட்டி வர வேண்டும். தராசில் இரண்டரை கிலோ காட்டினால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். உறை போடுவதற்கு முன்னால் எடுத்த போட்டோ கேளுங்கள், நேர்மையாகச் செய்பவர்கள் சந்தோஷமாகவே அனுப்புவார்கள்.

வீட்டுக்கு வந்ததும் இன்னொரு சோதனை, உங்கள் படிப்புக்கு இது விளையாட்டு. வண்டி ஸ்பேர் கடையில் 12 வோல்ட் 55 வாட் ஹாலஜன் பல்பு மூன்று வாங்கி, வரிசையாக இணைத்து, முழு சார்ஜ் ஏற்றிய பேக்கில் கொடுங்கள். 4.7 ஆம்பியர் வாக்கில் இழுக்கும். 12 ஏஎச் உண்மையென்றால் இரண்டரை மணி நேரம் எரியும். ஒன்றே முக்கால் மணி நேரத்தில் அணைந்தால் உங்களுக்குக் கொடுத்தது 8 ஏஎச். பல்பு பயங்கரமாகச் சுடும், செங்கல் மேல் வைத்து, பக்கத்திலேயே இருந்து செய்யுங்கள்.

பிஎம்எஸ் 20 ஆம்பியர் போதும், கன்ட்ரோலர் 15-க்கு மேல் இழுக்காது. லேபிளில் எழுதியிருக்கும், ஒருமுறை பார்த்துவிடுங்கள். பேக்கிலிருந்து வெளிவரும் பாசிட்டிவ் கம்பியில், பேக்குக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் ஒரு ஃபியூஸ். கார், பைக்கில் போடும் பிளேடு ஃபியூஸை நிறையப் பேர் போடுகிறார்கள். அதில் 32 வோல்ட் என்று பொடியாக எழுதியிருக்கும், 43 வோல்ட்டில் அறுந்தாலும் உள்ளே தீப்பொறி நிற்காமல் போகலாம். வீட்டு எம்சிபியும் ஏசி மின்சாரத்துக்கு உரியது, பேட்டரியில் வருவது டிசி. சோலார் சாமான் விற்கும் கடையில் 10×38 அளவில் டிசி ஃபியூஸும் அதற்கான ஹோல்டரும் கிடைக்கும், 20 ஆம்பியர் வாங்குங்கள். கம்பி 2.5 ஸ்கொயர் எம்எம், கனெக்டர் எக்ஸ்டி60.

சார்ஜிங் சாக்கெட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். லெட் ஆசிட் இ-வண்டிகளில் கம்ப்யூட்டருக்குப் பின்னால் சொருகும் பவர் சாக்கெட் மாதிரியே ஒன்றை சார்ஜிங்குக்கு வைக்கும் வழக்கம் இருக்கிறது. விலை குறைவு, எல்லாக் கடையிலும் கிடைக்கும். ஒரு நாள் சார்ஜர் வயர் காணவில்லை என்று யாராவது கம்ப்யூட்டர் வயரை எடுத்து நேரே சொருகினால் 230 வோல்ட் பேட்டரிக்குள் போகும். வீட்டில் வேறு எந்த வயரும் பொருந்தாத ஒரு கனெக்டரைத்தான் சார்ஜிங்குக்கு வைக்க வேண்டும்.

சார்ஜரும் பேக் செய்பவரிடமே வாங்குங்கள். மேலே 43.8 வோல்ட் என்று எழுதியிருக்க வேண்டும். 36 வோல்ட் சார்ஜர் என்று கேட்டால் கடையில் மூன்று விதம் கொடுப்பார்கள்: என்எம்சிக்கு 42, எல்எஃப்பிக்கு 43.8, லெட் ஆசிட்டுக்கு 44-ஐ ஒட்டி. பார்க்க எல்லாம் ஒரே கறுப்புப் பெட்டி. மாற்றிப் போட்டால் செல்லுக்கும் தீக்கும் நடுவில் நிற்பது பிஎம்எஸ் மட்டும்தான். சார்ஜர் மேல் பெயின்ட்டில் பெரிதாக "அப்பா சைக்கிள்" என்று எழுதிவிடுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் கடன் கேட்டாலும் கொடுக்க வேண்டாம்.

எத்தனை ஆம்பியர் சார்ஜர்? 3 ஆம்பியர் வாங்குங்கள். காரணம் அப்பாவின் டூட்டி. ஒரு நாளில் செலவாவது சுமார் 8 ஏஎச். 3 ஆம்பியரில் மூன்று மணி நேரத்துக்குள் நிரம்பும். பகல் டூட்டி வாரத்தில் ராத்திரி ஏழு மணிக்குச் சொருகினால் பத்து மணிக்கு, வீட்டில் எல்லோரும் விழித்திருக்கும்போதே முடிந்துவிடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தூங்கலாம். ராத்திரி டூட்டி வாரத்தில் காலையில் வந்து சொருகுவார், அவர் தூங்கினாலும் மற்றவர்கள் நடமாடிக்கொண்டிருப்பீர்கள். 2 ஆம்பியர் சார்ஜர் விலை கொஞ்சம் குறையும், ஆனால் நான்கு மணி நேரத்தைத் தாண்டி நடுராத்திரி ஆக்கிவிடும்.

மாடிப்படிக்குக் கீழே வேண்டாம். இதில் மட்டும் நான் கறாராகவே சொல்கிறேன். 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் ராத்திரியில் தீப்பிடித்து, புகையில் மூச்சு முட்டி ஒரு அப்பாவும் மகளும் இறந்துபோனார்கள். பேட்டரி தீயில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் புகைதான். வெளியே ஓடும் வழியிலேயே அது எரிந்தால் உள்ளே இருப்பவர்களுக்குப் போக்கிடம் கிடையாது. மாடிப்படி என்பது மேலே இருப்பவர்களுக்கு ஒரே வழி. பேக்கை சைக்கிளிலிருந்து கழற்றி எடுக்கும்படி மாட்டுங்கள், வாசல் திண்ணையிலோ பின்புறத் தாழ்வாரத்திலோ சிமென்ட் தரையில் வைத்து சார்ஜ் போடட்டும். அங்கே ஒரு புதிய பிளக் பாயின்ட் இழுக்க ஆகும் செலவு பேட்டரி விலையோடு பார்த்தால் ஒன்றுமில்லை. பழைய, தளர்ந்த சாக்கெட்டில் போடக் கூடாது. எப்போதாவது பேக்கிலிருந்து இனிப்பு வாடையோ புகையோ வந்தால் யாரும் கிட்டே போய்ப் பிடுங்க வேண்டாம், தள்ளி நின்று மெயினை அணைத்துவிட்டு 101-க்குக் கூப்பிடுங்கள்.

மாட்டும் இடம் கேரியர் அல்ல. கேரியர்தான் சைக்கிளில் அதிகம் குலுங்கும் இடம், அப்பா அதில் மூட்டையும் வைப்பார். பாருக்குக் கீழே முக்கோணத்தில் ஒரு பெட்டி கட்டுங்கள், உள்ளே பழைய டியூப் ரப்பரை மெத்தையாகப் போடுங்கள். கம்பிகள் பெட்டிக்கு அடிப்பக்கமாக வெளியே வரட்டும், மழைத் தண்ணீர் கம்பி வழியே உள்ளே இறங்காது. மோட்டார் முன் சக்கரத்தில் என்றால் அச்சு சுழலாமல் ஃபோர்க்கோடு சேர்த்துப் பிடிக்கும் டார்க் ஆர்ம் போடாமல் ஓட்ட விடாதீர்கள், மோட்டார் இழுக்கும் இழுப்பில் அச்சு ஃபோர்க்கைப் பிளந்துகொண்டு சுழன்றுவிடும்.

கடைசியாக நீங்கள் கேட்காத ஒன்று, பிரேக். கிட்டில் பிரேக் பிடித்தால் மோட்டார் நிற்கும் இரண்டு லீவர் வந்திருக்கும், அவை கேபிள் பிரேக்குக்கு உரியவை. ராடு பிரேக்கில் மாட்ட முடியாது என்று பலரும் அவற்றைப் பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள். த்ராட்டில் சிக்கிக்கொண்டால் மோட்டாரை நிறுத்த வழியே இருக்காது. மோட்டாரோடு வந்திருக்கும் சக்கரத்தின் ரிம் பக்கவாட்டில் தட்டையாக இருந்தால் அதில் ரிம்மை இரண்டு பக்கமும் கவ்வும் கேலிப்பர் பிரேக் பிடிக்கும், அந்த லீவரும் பொருந்தும். ராடு பிரேக் சக்கரத்தின் வளைந்த ரிம்மில் கேலிப்பர் கட்டை பிடிக்காது, அந்தப் பக்கம் ராடு பிரேக்கே இருக்கட்டும், ரப்பர் கட்டைகளை மட்டும் புதிதாக மாற்றுங்கள். இந்த வேலையை உங்கள் சைக்கிள் கடை அண்ணனிடம் கொடுங்கள், 48 வோல்ட் பேச்சை விட்டால் அவர் கை வேலையில் கெட்டிக்காரராகத்தான் இருப்பார். இது முடிந்த பிறகு பேட்டரிக்கு ஆர்டர் கொடுத்தால் போதும்.